துயருற்றோர்க்கு எழுதும் தமிழ்

காஞ்சி மாநகரை அடுத்துப் பாலாற்றங்கரையை ஒட்டி அமைந்த ஊர் ஓரிக்கை. திருமழிசையாழ்வாரும் கணிகண்ணனும் காஞ்சியை நீங்கியபோது உடன் சென்ற பெருமாள் ஓர் இரவு தங்கிய இடமாதலின், 'ஓரிரவிருக்கை' என்பதே ஓரிக்கையெனத் திரிந்தது என்பர் வைணவப் பெரியோர். பட்டுத் தறியொலி கேட்கும் அவ்வூரில், நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்று பின்னர் உளவியல் கற்றுத் தேர்ந்த மாணவி ஒருவர் ஆலோசனை நிலையம் தொடங்கினார். அதன் பெயர்ப்பலகைக்கும் இணையதளத்திற்கும் தமிழ் வாசகம் எழுதித் தருமாறு வேண்டி, ஆங்கில மாதிரி ஒன்றையும் அளித்தார். அரைமணி நேரப் பணி என்றெண்ணி இசைந்தோம். இரண்டு திங்கள் ஆயின.

அம்மாதிரியின் முதல் வாக்கியத்தைத் தமிழாக்கினால் 'நீங்கள் தனியாக இல்லை' என்று வரும். தறியும் அடுப்பும் ஆறு பேரும் ஒரே அறையில் இருக்கும் வீட்டாரிடம் இதனைச் சொன்னால், 'ஆம், அதுதானே எங்கள் துன்பம்' என்பர். 'பாதுகாப்பான வெளி' என்றொரு தொடரும் இருந்தது. அதனை வாசிப்போர் மைதானம் என்றே கொள்வர். எனவே மாதிரியை ஒதுக்கிவிட்டு நம் மரபினின்றே எழுதத் துணிந்தோம். அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நிலைக்களன் நான்கு வகுத்தவர் தொல்காப்பியர். அவமானம், இழப்பு, நிலைகுலைவு, ஏழ்மை ஆகிய இவற்றினும் மேலான பகுப்பு எந்நாட்டு உளநூலில் உண்டு என்னும் பெருமிதத்தோடு நான்கு தலைப்புகளில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தோம்.

மாணவி அதனைப் பக்கத்து வீட்டுத் தறிக்காரப் பெண்மணி ஒருவரிடம் வாசிக்கத் தந்தார். அவர் பொறுமையாக வாசித்து முடித்துக் கேட்டவை மூன்றே கேள்விகள். எவ்வளவு பணம்? மாத்திரை கொடுப்பார்களா? வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமா? நம் நான்கு பக்கங்களில் இவற்றுள் ஒன்றற்கும் விடையில்லை. எம்.ஃபில். பட்டமும் இருபதாண்டுப் பணியும் அன்று நமக்குக் கை கொடுக்கவில்லை.

ஒரு சொல் மனிதனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்பதை நாம் முன்பே அறிந்திருத்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி வாடினார். மருத்துவரிடம் செல்லுமாறு நாமே சொல்லி அனுப்பினோம். மாடிப்படியருகே இருந்த பலகையில் 'மனநோய்' என்னும் சொல்லைக் கண்டதும் படியேறாமல் திரும்பிவிட்டார். தமக்கையின் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்த பருவத்தில் அவர் வகுப்பில் இல்லை.

நோயின் பெயர் மட்டுமன்று, ஊரின் பெயரும் வசையாகும் நாடு இது. 1794இல் சென்னையில் தொடங்கி 1871இல் கீழ்ப்பாக்கத்திற்குப் பெயர்ந்தது அரசு மனநல மருத்துவமனை. அதனால் அப்பகுதியின் பெயரே ஏளனச் சொல்லாயிற்று. மருத்துவமனைக்குச் செல்ல நாணியவர் எங்கெல்லாம் சென்றனர் என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் அங்கிருந்த தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். தர்காவை நாடி வந்தோரின் பெயரால் நடந்த அக்கொடுமையை நம் சமுதாயத்தார் எளிதில் கடந்துபோதல் ஆகாது. பத்தாம் நூற்றாண்டிலேயே உடல் நலத்தோடு உள்ள நலத்தையும் இணைத்து நூல் செய்த அபூ ஸைத் அல்பல்கீயைப் பெருமையோடு மேடைகளில் சொல்பவர்களல்லவா நாம்? சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. தாயத்தால் பைத்தியம் தீரும் என விளம்பரம் செய்தலை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. ஆயினும் சுவரொட்டிகள் குறைந்தபாடில்லை! எனவே, 'முழுமையான குணம்', 'உத்தரவாதம்' என்னும் சொற்களை நம் வரைவிலிருந்து முதலில் நீக்கினோம்.

அடுத்து நிலையத்தை எப்பெயரால் அழைப்பது என்னும் வினா எழுந்தது. ஈழத்தமிழர் 'உளவளத்துணை' என்பர். அழகிய சொல்தான், ஆயினும் ஓரிக்கையில் வழங்காத சொல். 'ஆற்றுப்படுத்தல்' என்பதில் நமக்குத் தனிப் பற்று உண்டு. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. ஆனால் இங்கே ஓர் இடர் தோன்றியது. ஆங்கில மாதிரியில் 'பயன்பெற்றோர் கூறுகின்றனர்' என்றொரு பகுதி இருந்தது. அதுவும் ஓர் ஆற்றுப்படையே! ஆயினும் புரவலனைப் பாடிய பாணன் எதையும் மறைக்க வேண்டியதில்லை. துயரினின்று மீண்டவருக்கோ ஊர் இருக்கிறது, உறவு இருக்கிறது. சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் இசைவின்றி ஊடகங்களுக்குத் தருதலாகாது என்கிறது அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம். இசைவு தருபவரும் தமக்கு உதவியவரிடம் மறுக்க மாட்டாமல் தரக்கூடும். அப்பகுதியை அடியோடு எடுத்துவிட்டோம்.

ஒன்றில் மட்டும் நமக்கும் மாணவிக்கும் கருத்து வேறுபட்டது. 'நீங்கள் சொல்வதை எவரிடமும் சொல்லமாட்டோம்' என்று எழுதியிருந்தோம். 'உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உங்கள் வீட்டாரிடம் சொல்வோம் என்றும் சேருங்கள் ஐயா' என்றார் அவர். அஃது அஞ்சி வருவோரை மேலும் அச்சுறுத்தும் என மறுத்தோம். 'சேர்க்காவிட்டால் அது பொய்யாகிவிடுமே ஐயா' என்றார். சேர்த்தோம்.

இப்போது அங்குள்ள வாசகம் பத்து வரிகளே. கட்டணம் முதல் வரியில் இருக்கிறது. பேசுபவர் ஒரு பெண் என்பதும், இங்கு மாத்திரை தருவதில்லை என்பதும், மருந்து வேண்டுவோர் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பப்படுவர் என்பதும் அடுத்து வருகின்றன. 'தூக்கம் இல்லையா? காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா? வேலையில் மனம் செல்லவில்லையா?' என மூன்று கேள்விகள் உள. கடைசி வரியில், நள்ளிரவிலும் கட்டணமின்றிப் பேசுவதற்கு 2022 முதல் இயங்கும் அரசின் 14416 என்னும் எண். தொல்காப்பியர் இல்லை. 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல்லும் இல்லை. அதில் மட்டும் நமக்குச் சிறிது வருத்தம் உண்டு.