ஜோடி போட்டா ஜெயம்!

அரியலூர்ல இருந்து பெரம்பலூருக்கு தினமும் காலேஜ் பஸ். முன்னாடி சுண்ணாம்புக்கல் லாரி, பின்னாடி சிமென்ட் லாரி. தூசியில வளர்ந்த எனக்கு டென்னிஸ்ல எது பிடிக்கும்? மண்ணுல உருண்டு ஆடற ஃபிரெஞ்சு ஓப்பன்தான் பாஸ்!

இன்னொரு சொந்தமும் இருக்கு. பாரீஸ்ல அந்த சிவப்புத் தரை மேல தெரியற செங்கல் தூள் ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர்தான். அதைத் தாங்கி நிக்கறது கீழ இருக்கற சுண்ணாம்புக்கல் அடுக்கு. நம்ம ஊர் சரக்கு!

அங்கே ராஜான்னா ரஃபேல் நடால். 2005-லிருந்து 2022-க்குள்ள 14 கோப்பை. ஆடின 116 மேட்ச்ல 112 ஜெயிச்சாச்சு. தோத்தது வெறும் 4. (நம்ம அரியர் கணக்கை இங்கே ஒப்பிட வேண்டாம், ப்ளீஸ்!) பெண்கள்ல கிறிஸ் எவர்ட், 7 தடவை. 1989-ல மைக்கேல் சாங் ஜெயிச்சப்போ வயசு 17. அந்த வயசுல நான் கவுன்சலிங் க்யூவுல நின்னுட்டிருந்தேன்.

சரி, நம்ம ஆளுங்க? சென்னை ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல ஜூனியர் ஒற்றையர் பட்டம் ஜெயிச்சார். சீனியர் ஒற்றையர்ல இதுவரைக்கும் நமக்கு முட்டைதான். ஆனாலும் நம்மவங்க அங்கே சாம்பியன் ஆனது 7 தடவை. ஏழுமே ஜோடியா ஆடி வாங்கினது!

முதல் கோப்பை 1997-ல. சென்னையில பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானோட ரிகா ஹிராகியோட சேர்ந்து கலப்பு இரட்டையர்ல ஜெயிச்சார். இந்தியர் ஒருத்தர் ஜெயிச்ச முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டமே அதுதான். 1999-லயும் 2001-லயும் பயஸ் - பூபதி. 2009-ல பயஸ், செக் வீரர் லூகாஸ் ட்லூஹியோட. 2012-ல பூபதி - சானியா, அதுவும் பூபதியோட 38-வது பிறந்த நாளன்னிக்கு! 2016-ல பயஸ் - ஹிங்கிஸ். 2017-ல போபண்ணா - டப்ரோவ்ஸ்கி.

இதுல பயஸ் - பூபதி கதையைக் கேட்டா எங்க ஊர்தான் ஞாபகம் வரும். 1995-ல பெரம்பலூர் மாவட்டம் உருவாச்சு. 2001-ல அரியலூர் தனியா பிரிஞ்சுது. 2002-ல திரும்ப சேர்த்தாங்க. 2007-ல மறுபடி தனி மாவட்டம். அவங்க ரெண்டு பேரும் அப்படித்தான். பிரிஞ்சாங்க, சேர்ந்தாங்க, திரும்பப் பிரிஞ்சாங்க. 2012 ஒலிம்பிக்ஸ்ல சேர்ந்து ஆட முடியாதுன்னு பூபதி சொன்னது ஊரறிஞ்ச சண்டை. ஆனா 1997-லிருந்து 2010 வரைக்கும் டேவிஸ் கோப்பை இரட்டையர்ல இந்த ஜோடி தொடர்ந்து 24 மேட்ச் ஜெயிச்சிருக்கு. உலக சாதனை! நடுவுல வேற வேற பார்ட்னர் பிடிச்சு ஆடின வருஷங்களும் இதுல அடக்கம்.

இதெல்லாம் ஏன் இப்போ? என் மினி புராஜெக்ட் பார்ட்னர் பெரம்பலூர்க்காரன். ரிப்போர்ட்ல யார் பேர் முதல்லன்னு ஆரம்பிச்ச சண்டை, மூணு வாரமா பேச்சே இல்லை. சர்க்யூட் அவன்கிட்ட, கோடு என்கிட்ட. திங்கட்கிழமை ரிவ்யூ. தனியா நின்னா ரெண்டு பேருக்குமே முட்டை!

நண்பனா இருந்தாத்தான் பார்ட்னரா இருக்க முடியும்னு நினைச்சிட்டிருந்தேன். அந்த 24 மேட்ச் வேற சொல்லுது. மனசு ஆற டைம் ஆகலாம். பந்து நம்ம பக்கம் வந்தா அடிச்சுத்தான் ஆகணும்.

நேத்து ராத்திரி நானே மெசேஜ் போட்டேன்... 'உன் பேரே முதல்ல இருக்கட்டும்டா.' ஒரு மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு. ஸாரியும் இல்லை, ஸ்மைலியும் இல்லை.

'காலைல எட்டரைக்கு லேப். கோடு எடுத்துட்டு வா.'

போதும் பாஸ். சர்வீஸ் போட்டாச்சு!