மருந்தை மறந்த கணக்கு

என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் பல ஆண்டுகளாக இடம்பெற்றுவந்த கணக்கு ஒன்று நமக்கெல்லாம் பழக்கம். 2 கிலோ கைத்துப்பாக்கியிலிருந்து 20 கிராம் குண்டு வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் துப்பாக்கியின் பின்னியக்க வேகம் என்ன? பெருக்கி, வகுத்து, எதிர்க்குறி போட்டு 1.5 என்று எழுதினால் முழு மதிப்பெண். பதினோராம் வகுப்பில் அதே கணக்கு 100 கிலோ பீரங்கியும் 0.02 கிலோ குண்டுமாகத் திரும்பி வருகிறது. நூறு கிலோ பீரங்கியை உருட்டிவந்து இருபது கிராம் குண்டைச் சுடுவானேன் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. எண்கள் வசதிக்காகப் போடப்பட்டவை என்று அதை விட்டுவிடலாம். விட்டுவிட முடியாத குறை வேறு. இரண்டு கணக்கிலும் துப்பாக்கி இருக்கிறது, குண்டு இருக்கிறது. வெடித்த மருந்து மட்டும் இல்லை. உந்த அழிவின்மை விதியில் பிழை கிடையாது. அமைப்பின் எல்லையை எங்கே வரைகிறோம் என்பதில்தான் பிழை. அந்த எல்லையை வரையக் கற்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி.

உண்மையான துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் தூக்கிய 1903 ஸ்பிரிங்ஃபீல்டின் எடை ஏறத்தாழ 3.9 கிலோ. அதன் 30-06 வகைத் தோட்டாவில் 9.7 கிராம் குண்டு, அதன் பின்னால் சுமார் 3.2 கிராம் மருந்து. குண்டு வினாடிக்குச் சுமார் 835 மீட்டரில் வெளியேறும்போது அதன் உந்தம் 8.1 நியூட்டன்-வினாடி. பாடநூல் வழியில் துப்பாக்கியின் வேகம் 2.1 மீட்டர், இயக்க ஆற்றல் 8.4 ஜூல். ஆனால் எரிந்த மருந்தும் அதே குழல்வாய் வழியாகத்தான் முன்னே போகிறது. அமெரிக்க ராணுவத்தின் படைக்கல அதிகாரி ஜூலியன் ஹாட்சர் 1947-இல் வெளியிட்ட கையேட்டில், இந்த வாயுவின் சராசரி வேகத்தை வினாடிக்கு 4,700 அடி, அதாவது சுமார் 1,430 மீட்டர் என்று கொண்டார். அப்படியானால் வாயுவின் உந்தம் 4.6. மொத்தம் 12.7. துப்பாக்கியின் வேகம் 3.25 மீட்டராகவும், இயக்க ஆற்றல் 20.6 ஜூலாகவும் ஏறிவிடுகின்றன. உந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறவிட்டோம். வேகத்தின் இருபடியைச் சார்ந்த ஆற்றலில், உண்மையில் பாதியைக்கூட எட்டவில்லை.

குண்டைத் தள்ளிய வாயு குண்டைவிட வேகமாக எப்படிப் போகும் என்ற ஐயம் நியாயமானது. குழலுக்குள் இருக்கும்வரை அது குண்டை முந்த முடியாது. மருந்தறைப் பக்கத்து வாயு கிட்டத்தட்ட நின்றே இருக்கிறது. குண்டு குழல்வாயைத் தாண்டும் கணத்திலும் உள்ளே பல நூறு வளிமண்டல அழுத்தம் மிச்சமிருக்கிறது. அடைப்பு நீங்கியதும் வாயு சீறிப் பாய்கிறது. இது காகிதக் கணக்கு மட்டுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கணிதவியலாளர் சார்லஸ் ஹட்டன் பீரங்கியை ஊசலாகத் தொங்கவிட்டு, குண்டோடும் சுட்டார். குண்டில்லாமல் வெறும் மருந்தோடும் சுட்டார். இரண்டு முறையும் பீரங்கி பின்னே போனது. இன்று குழல்வாயில் பொருத்தும் மசில் பிரேக், குண்டைத் தொடுவதே இல்லை. வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்புகிறது, உதை குறைகிறது. வாயுவுக்கு உந்தம் இல்லையென்றால் அதைத் திருப்பி என்ன பயன்? 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் அசல் உத்தரில் இந்திய வீரர் அப்துல் ஹமீது இயக்கிய 106 மி.மீ. ரீகாயில்லெஸ் துப்பாக்கி ஒரு ஜீப்பின் மேல் நின்றது. குண்டு முன்னே கொண்டுபோன உந்தத்துக்கு ஈடானதை, பின்புறம் வெளியேறிய வாயு சுமந்ததால்தான் ஜீப் அதைத் தாங்கியது.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் எதற்கு, உராய்வைக்கூடத்தான் புறக்கணிக்கச் சொல்கிறோம் என்று ஆசிரியர்கள் கேட்கலாம். புறக்கணிப்பது குற்றமில்லை, அளந்து பார்த்துப் புறக்கணிக்க வேண்டும். சுடுபவரின் தோளையே பாருங்கள். தோள் 100 நியூட்டன் விசையோடு தாங்குகிறது என்று வைத்தாலும், வாயு வெளியேறி முடியும் ஐந்து மில்லி வினாடிக்குள் அது தரும் கணத்தாக்கு 0.5 நியூட்டன்-வினாடிதான். 12.7-க்கு முன் அது சிறிது, தோளை விட்டுவிடலாம். 4.6-ஐ விட முடியாது. கைத்துப்பாக்கியில் மருந்து குறைவு, வாயுவின் பங்கும் பொதுவாக ரைஃபிளைவிடக் குறைவு என்பதும் சரிதான். பங்கு மிகக் குறைவான இடத்தில் மருந்தை விடலாம், ரைஃபிளில் விடக்கூடாது என்று மாணவர் தாமே கண்டுகொண்டால், எந்தச் சூத்திரத்தையும்விட அது பெரிய பாடம். வாயுவின் வேகத்தை அறுதியாகச் சொல்ல முடியாதே என்ற தடையும் உண்டு. உண்மை; அது ஒரே வேகமில்லை, ஹாட்சரின் எண்ணும் ஒரு சராசரிதான். அதற்காகப் பூஜ்யத்தைப் போடுவது சராசரியைவிடத் துல்லியமாகிவிடாது.

வகுப்பறையில் துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களின் தயக்கத்தை மதிக்கலாம். படகிலிருந்து குதிப்பவரை வைத்தும் விதியைச் சொல்லலாம். ஆனால் துப்பாக்கியை வைத்துக்கொள்வதென்றால் கேள்வியைத் திருப்பிப் போடுவோம். 3.9 கிலோ துப்பாக்கி 3.25 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது, குண்டின் உந்தம் 8.1, மிச்சம் எங்கே போனது? 3.2 கிராம் மருந்து என்று மட்டும் சொன்னால் போதும். 1,430 மீட்டர் என்ற வேகத்தை மாணவரே கண்டெடுப்பார். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு நூலில் ராக்கெட்டும் இதே இயக்க விதிகள் பாடத்தில்தான் வருகிறது. அங்கே ராக்கெட்டைத் தூக்குவது வாயுதான் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அதே பாடத்தின் துப்பாக்கியில் அந்த வாயுவுக்குப் பூஜ்யம் போட்டால், எந்தப் பக்கத்தை நம்புவது என்று மாணவர் கேட்க வேண்டும். கேட்கும்படி நாம் கற்பிக்க வேண்டும்.