ஓராசனமும் பல விலையும்

சென்ற மார்கழியில் கோட்டூர்புரத்து எம் இல்லத்தார் நால்வர் கிறிஸ்துமஸ் திருநாளுக்குத் தூத்துக்குடி செல்ல ஆகாய விமானச் சீட்டு நாடினோம். இருவர்க்கெனக் கேட்டால் தலைக்கட்டணம் குறைவு. நால்வர்க்கெனக் கேட்டால் மிகுதி! சூதென்றே ஐயுற்றோம். (விலை ஏறும்போதெல்லாம் பிறரைச் சூதராக்குதல் எளிதன்றோ?)

உண்மை வேறு. சாதாரண வகுப்பின் ஆசனங்கள் ஒரு தன்மையவேயாயினும், கம்பெனியார் அவற்றை ஆங்கில எழுத்துக்களால் பல கட்டணப் படிகளாகப் பகுத்துள்ளனர். ஒய் என்பது பெரும்பாலும் முழுக் கட்டணம். ஏனையவற்றின் பொருள் கம்பெனிதோறும் வேறுபடும். எழுத்தின் அருகே 2 என்றிருப்பின் அப்படியில் விற்பதற்கு இரண்டே உள. 9 எனின் ஒன்பதோ அதற்கு மேலோ. மலிந்த படியில் இரண்டே எஞ்சியிருக்க, நால்வர்க்கு ஒருங்கே கேட்பின், பொறியானது நால்வரையும் மேற்படிக்கே ஏற்றிவிடும்.

2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை அரசாங்கத்தார் உள்நாட்டுக் கட்டணங்களுக்கு வரம்பு விதித்திருந்தனர். யாம் வேண்டுவது அஃதன்று. படிகள் இருக்கட்டும், எப்படியில் எத்தனை ஆசனம் எஞ்சியுள்ளதென்பதை, முகவர் காண்பதுபோலவே, பணங்கொடுப்போரும் வாங்குமுன் காணல் வேண்டும். தெருவிற் பழம் விற்பவளும் கூறுகளைப் பரப்பியன்றோ விலை சொல்கிறாள்?

யாம் இருவர் இருவராகவே சீட்டுப் பெற்றோம். விமானம் மாறின் நால்வரையும் ஒரு குழுவாகக் கருதாரே என்னும் அச்சம் மட்டும் தூத்துக்குடி சேரும்வரை அன்னையாரை விடவில்லை.