எந்த கார் முந்தும்?

அண்மையில் ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்சில் வந்து கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பையன்கள் மொபைல் போனில் கார் படங்களைப் பார்த்தபடி ஒரே வாக்குவாதம்.

"இதுக்கு 730 குதிரைத்திறன்டா! அதுக்கு வெறும் 525 தான். ரேஸ்ல இது பக்கத்துலயே வர முடியாது'' என்றான் ஒருவன். மற்றவன் பதில் தெரியாமல் விழித்தான்.

கார் பந்தயப் பேச்சு இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதிகம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கி.மீ. சாலையில் இரவு கார் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில், நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. ஆர்வம் வருவது இயல்புதானே!

சரி, அந்தப் பையனின் கணக்கு சரியா? பார்ப்போம்.

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற பந்தயப் பாதை உள்ளது. ஒரு சுற்று 20.832 கி.மீ. ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, மறுபடியும் ராஜபாளையம் நோக்கிப் பாதி வழிக்கு மேல் போகும் தூரம்! மலைக்காட்டுப் பாதை. வளைவுகள் மட்டும் 70க்கு மேல்.

2020ல் 730 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரிஸ் கார், இதை 6 நிமிடம் 48.047 நொடியில் சுற்றியது. 2022ல் 525 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் கார் எடுத்துக்கொண்ட நேரம் 6 நிமிடம் 49.328 நொடி. கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 1.281 நொடிதான்! ஓடிய நாளும் ஓட்டியவரும் வேறு என்பதால், இந்த ஒன்றேகால் நொடியை வைத்து எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அப்படியானால் கூடுதலாக இருந்த 205 குதிரைகள் எங்கே போயின?

இதற்குப் பதில் நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். நேரான வீதியில், வடம் பிடிக்க ஆள் அதிகம் இருந்தால் தேர் விறுவிறுவென வரும். வீதி முனை வந்ததும் என்ன ஆகிறது? இன்னும் ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்தாலும் பயனில்லை. முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான் அங்கே ராஜா. அவர்கள் நிறுத்தி, திருப்பி விட்டால்தான் தேர் அடுத்த வீதிக்குள் நுழையும்.

காரும் அப்படித்தான். எஞ்சினின் முழு பலம் நேர்ப்பாதையில்தான் உதவும். வளைவில் பிரேக்கும், தரையை விடாமல் பிடிக்கும் டயரும்தான் வேலை செய்ய வேண்டும். பஸ் வேகமாகத் திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? அதேபோல் காரும் வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது டயரின் பிடிப்பு மட்டுமே.

அந்தப் பிடிப்பைக் கூட்டத்தான் போர்ஷே காரின் பின்னால் பெரிய இறக்கை வைத்திருக்கிறார்கள். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். இது கீழே அழுத்தும். மணிக்கு 285 கி.மீ. வேகத்தில் காற்று அந்த காரை 860 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 17 அரிசி மூட்டைகளை ஏற்றியது போல! நிஜமாகவே மூட்டைகளை ஏற்றினால் கார் கனத்து, திரும்பவும் நிற்கவும் திணறும். காற்று அழுத்தும்போதோ பிடிப்பு கூடுகிறது, கார் கனப்பதில்லை. ஆனால், இறக்கை காற்றைத் தடுப்பதால் நேர்ப்பாதையில் வேகம் கொஞ்சம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற முடியும்.

இதை நான் உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில், மாலை நேரத்தில் சில அண்ணன்கள் பைக்கில் ரேஸ் விடுகிறார்கள். "என் பைக் எத்தனை சிசி தெரியுமா?'' என்பதுதான் அவர்கள் பெருமை.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இது இயற்பியல். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். குறுக்கே வரும் ஆட்டைப் பார்த்து, கை பிரேக்கைத் தேடுவதற்குள் அந்தத் தூரம் கடந்து போயிருக்கும்.

துபாய் போட்டிக்கு முந்தைய பயிற்சியில், அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றி இறங்கி வந்தார். தலைக்கவசம், உடலை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட், காருக்குள் இரும்புக் கூண்டு எல்லாம் இருந்தன. எதிரே லாரி வரவில்லை. சென்னையிலும் சாலையை அடைத்து, தடுப்புகள் வைத்த பிறகுதான் பந்தயம். நம் சாலையில் எதிரே வருவது பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வரும் நீங்கள்!

பொதுச் சாலையில் ரேஸ் விடுவது குற்றம். 2019ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும், மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையிலும் பந்தயப் பாதைகள் உள்ளன. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன், 2005ல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

ஒரு சின்னச் சோதனை. பள்ளி மைதானத்தில் ஒரு கோடு போடுங்கள். சைக்கிளில் மெதுவாக வந்து, கோட்டில் பிரேக் பிடியுங்கள். எத்தனை அடியில் நின்றது என்று அளந்து எழுதுங்கள். சற்று வேகமாக வந்து மறுபடி அளந்து பாருங்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

இனி யாராவது, "என் வண்டி எவ்வளவு வேகம் போகும் தெரியுமா?'' என்று கேட்டால், "அண்ணே, எத்தனை அடியில் நிற்கும்?'' என்று திருப்பிக் கேளுங்கள்!