பாடப் புத்தகத்துக்குள் ஒரு காதல் கதை

சரித்திரப் புத்தகத்துக்குள் காதல் நாவல் ஒன்றை ஒளித்துப் படித்த மாணவியிடமிருந்து அதைப் பறிமுதல் செய்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: அன்றிரவே அதை முழுவதும் படித்துவிட்டோம்!

கதை மங்களமாக முடிவதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கதாநாயகன் பக்கத்துக்குப் பக்கம் சீறுகிறான். கதாநாயகியோ கண்ணீருடன் மன்னித்துக்கொண்டே போகிறாள். இதற்குப் பெயர் காதலாம்!

1813-ல் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்டு பிரிஜுடிஸ்' நாவலில், வருஷத்துக்கு 10,000 பவுன் வருமானமுள்ள டார்ஸி, எலிஸபெத்தின் குடும்பத் தாழ்வைச் சொல்லிக் காட்டியபடியே மணம் பேசுகிறான். அவள் மறுத்துவிடுகிறாள். அவன் கர்வம் அடங்கிய பிறகே இசைகிறாள்.

மறுநாள் நாவலைத் திருப்பிக் கொடுத்தோம். கூடவே ஆஸ்டினையும் கொடுத்தோம். "மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்த பெண்ணின் சம்மதத்துக்கு அல்லவா மதிப்பு உண்டு?