கிணற்று நீருக்கும் கணக்கு வேண்டும்

பட்டுக்கோட்டை வட்டாரத்து விவசாயிகளிடம் நெல் போட்ட கணக்கு இருக்கும். தேங்காய் வெட்டிய கணக்கு இருக்கும். உரக்கடை பாக்கியும் மனப்பாடமாக இருக்கும். ஆனால் தங்கள் குழாய்க் கிணற்று நீரில் சென்ற ஆண்டு உப்பு எவ்வளவு, இவ்வாண்டு எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. வாயில் வைத்துப் பார்த்து, "தண்ணீர் கரிக்கிறது" என்று சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது.

மேட்டூர் அணைத் திட்டத்துடன் சேர்த்து வெட்டப்பட்டு, 1934-ல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய்தான் இப்பகுதிக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. எனினும் கடைமடைக்கு வரும் நீர் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆற்று நீர் குறையும்போது கை கொடுப்பது நிலத்தடி நீரே. தென்னந்தோப்புக்கும் அதுவே, வீட்டுக் குடத்துக்கும் அதுவே. இதே பகுதியில், அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எனக் கடற்கரை நெடுகிலும் உப்பளமும் இறால் குட்டைகளும், உள்பகுதியில் தென்னை நார் ஆலைகளும் உள்ளன. இத்தொழில்கள் பலருக்கு வேலை கொடுக்கின்றன. அவற்றை மூடச் சொல்வது இங்கு நோக்கமன்று. அவற்றின் கழிவு கிணற்றை எட்டுகிறதா, இல்லையா என்பதை ஊகத்தால் பேசாமல் அளந்து பேசவேண்டும் என்பதே கருத்து.

பழைய பாடம்

இறால் பண்ணைகள் 1990-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கடற்கரையில் வேகமாகப் பரவின. விளைநிலம் குட்டையாகிறது, குடிநீர்க் கிணறு உவர்ப்பாகிறது என்று கிராம மக்கள் போராடினர். சர்வோதயத் தலைவர் ச. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு, விளைநிலங்களையும் உப்பள நிலங்களையும் இறால் குட்டைகளாக மாற்றக்கூடாது என்றது. கேடு விளைவித்தவரே அதற்குரிய செலவையும் ஏற்கவேண்டும் என்றது. பின்னர் 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியே குட்டை அமையவேண்டும் என்பது அப்போது வகுக்கப்பட்ட நெறிமுறைகளில் ஒன்று.

சட்டம் வந்தது நன்மையே. ஆனால் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ஆலையிலோ பண்ணையிலோ ஆய்வு என்றால், பெரும்பாலும் வெளியேறும் வாய்க்காலில் நீர் எடுத்துப் பார்க்கிறார்கள். குட்டையின் அடியிலிருந்து மணல் வழியாகக் கசிந்து செல்லும் உப்பு அந்த வாய்க்காலுக்கு வருவதில்லை. ஆகையால் வாய்க்கால் நீர் நல்லது என்று அறிக்கை வரலாம். அதே வேளையில் பக்கத்து வயல் கிணறு கெட்டுக்கொண்டும் இருக்கலாம். கிணற்றைச் சோதித்தால்தான் கிணற்றின் நிலை தெரியும்.

நம் பங்கும் உண்டு

எல்லாப் பழியையும் தொழிற்சாலை மேல் போடுவதும் சரியன்று. கடலோரத்தில் நன்னீர் உவர் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட பொதுக் கணக்கு. இதையே திருப்பிப் பார்த்தால், நாம் இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி நிரந்தரமாக இறக்கினால், கீழேயுள்ள உவர் நீர் 40 அடி வரை மேலேறக் கூடும். ஆகவே அளவுக்கு மீறி ஆழத்தில் மோட்டாரை இறக்கி இரவு பகலாக இறைப்பவரும் கிணற்றைக் கெடுப்பவரே. தழைச்சத்து உரத்தை மணற்பாங்கான நிலத்தில் ஒரே தடவையில் கொட்டுவதும் நைட்ரேட்டாகக் குடிநீரில் போய்ச் சேருகிறது.

எந்த அளவு ஆபத்து?

நீரிலுள்ள உப்பை மின் கடத்தும் திறனால் அளக்கிறார்கள். அளவு 0.7 டெசி சைமனுக்குள் இருந்தால் எப்பயிருக்கும் கவலையில்லை. நெல்லுக்கு 2 வரை மகசூல் குறையாது. அளவு 4.8-ஐ எட்டினால் விளைச்சல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கடல் நீரின் அளவு சுமார் 50. தென்னை நெல்லைவிட அதிகம் தாங்கும். ஆனால் தோப்பு பசுமையாக இருக்கிறது என்பதை வைத்து நீர் நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆகாது.

மாதிரி எடுக்கும் முறை

ஆண்டுக்கு இருமுறை போதும். மேட்டூர் அணை திறப்பதற்கு முன் வைகாசியில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் தையில் ஒருமுறையும் எடுக்கலாம். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டபின், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மூன்று தடவை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடவேண்டும். பூச்சிமருந்துப் பாட்டில் கூடவே கூடாது. பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்டி, தாமதமின்றி மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவேண்டும்.

தனித்தனியே ஆளுக்கொரு மாதிரி கொடுப்பதைவிட ஊராகச் சேர்ந்து செய்வது மேல். குட்டைக்கோ ஆலைக்கோ அருகில் இரண்டு கிணறு, சற்றுத் தள்ளி இரண்டு, கடலுக்கும் ஆலைக்கும் வெகு தூரத்தில் ஒன்று என ஐந்து கிணறுகளைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அவற்றையே சோதித்து ஒரே நோட்டில் எழுதிவரவேண்டும். குட்டை அருகில் மட்டும் உப்பு ஏறினால் சந்தேகம் குட்டையின் மேல். கடற்பக்கக் கிணறுகள் யாவும் ஒருசேர ஏறினால் இறைப்பைக் குறைக்கும் வழியைப் பார்க்கவேண்டும். நார் ஆலைப் பக்கத்தில் நீர் பழுப்பாகி, பொட்டாசியமும் கூடினால், நார்க்கழிவு ஊறிய நீர் இறங்குகிறதா எனப் பார்க்கவேண்டும்.

நோட்டின் பலம்

இந்த நோட்டை நீதிமன்றச் சான்றாக நினைத்துவிடக் கூடாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, ஆலைக் கழிவுநீரை வாரிய அதிகாரி, உரியவருக்கு அறிவித்து, முத்திரையிட்டு எடுத்த மாதிரிக்கே சட்ட மதிப்பு உண்டு. ஆனால் அந்த அதிகாரியை ஊருக்கு வரவழைக்கும் பலம் நோட்டுக்கு உண்டு. ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று சொல்வது வேறு, "மூன்று ஆண்டில் 0.9-லிருந்து 2.6 ஆகிவிட்டது, இதோ அறிக்கை" என்று காட்டுவது வேறு.

நொய்யல் கரையில் நடந்ததை மறக்கலாகாது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, ஏறக்குறைய இருபது ஆண்டு கடந்துவிட்டது. அத்தனை காலமும் கழிவைச் சுமந்தது விவசாயியின் நிலம்.

அரசு செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. உரிமம் பெறும் ஒவ்வோர் ஆலையும் இறால் பண்ணையும் தன் எல்லையில் ஒரு கண்காணிப்புக் கிணறு வைக்கவேண்டும். தொழில் தொடங்குமுன் அதன் நீரைச் சோதிக்கவேண்டும். பின்பு ஆண்டுதோறும் வரும் முடிவை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டவேண்டும். ஒழுங்காக நடக்கும் முதலாளிக்கு இதனால் நஷ்டமில்லை. வீண்பழியிலிருந்து அவருக்கும் இது பாதுகாப்பு.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கெட்ட நிலத்துக்கு ஜிப்சம் இடலாம், வடிகால் அமைக்கலாம். கெட்ட நிலத்தடி நீரைத் திருத்துவதோ ஒரு தலைமுறை வேலை. வரும் வைகாசியில் ஐந்து பாட்டிலும் ஒரு நோட்டும் கொண்டு ஒவ்வோர் ஊரும் இந்தக் கணக்கைத் தொடங்கட்டும்.