கொடுத்த அதிகாரத்தை மீட்க முடியாத காங்கிரஸ்

அமெரிக்க அதிபரின் அதிகாரம் எல்லை மீறிப் போகிறது என்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளை மாளிகையில் இருப்பவரின் குணத்தையே அலசுகிறார்கள். நாம் பார்க்க வேண்டியது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸை. அதிபர்கள் தாமாகப் பறித்துக்கொண்டது கொஞ்சம். காங்கிரஸே சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற வழியில்லாமல் நிற்பதுதான் அதிகம். தேசிய அவசரநிலைச் சட்டம் இதற்குக் கண்கூடான சான்று. இந்தியா 1975-இல் கண்ட நெருக்கடிநிலையைப் போல, இதன்கீழ் அதிபர் அறிவிக்கும் அவசரநிலை அடிப்படை உரிமைகளை முடக்குவதில்லை. ஆனால் பல சட்டங்களில் உறங்கிக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறப்பு அதிகாரங்களுக்கு ஒரே கையெழுத்தில் உயிர் கொடுத்துவிடும்.

1976-இல் இச்சட்டம் வந்தபோது அதற்குக் கடிவாளமும் இருந்தது. இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டால் அவசரநிலை முடிந்துவிடும். அதிபரின் ஒப்புதல் தேவையில்லை. அதிபரின் கையெழுத்துக்குப் போகாத இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று 1983-இல், ஒரு குடியேற்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985-இல் காங்கிரஸ் அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்தியது. அதிபர் வீட்டோ செய்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றாகிவிட்டது. இதன் விளைவு 2019-இல் அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லைச் சுவருக்கு டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். அரசு அலுவலகங்கள் 35 நாள் முடங்கிய பிறகும் காங்கிரஸ் ஒதுக்கியது சுமார் 137 கோடிதான். உடனே அவர் அவசரநிலை அறிவித்து, ராணுவக் கட்டுமான நிதியிலிருந்து பணத்தைத் திருப்பினார். அதை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் 59-41 என நிறைவேறியது. அவரது சொந்தக் கட்சியினரே 12 பேர் அதற்கு வாக்களித்தனர். டிரம்ப் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபையில் 248 பேர் எதிர்த்து வாக்களித்தும் வீட்டோவை முறியடிக்க முடியவில்லை. நிதி ஒதுக்கும் உரிமை காங்கிரஸுக்கே என்று அரசமைப்பு சொல்லியிருந்தும், இரு அவைகளின் பெரும்பான்மை அங்கே தோற்றது.

நீதிமன்றம் தடுக்காதா என்று கேட்கலாம். தடுத்ததுண்டு. கொரியப் போரின் நடுவே, 1952-இல், உருக்காலைகளை அதிபர் ட்ரூமன் கையகப்படுத்தியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளும் ட்ரூமனாலோ அவரது கட்சியைச் சேர்ந்த முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டாலோ நியமிக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அங்கே அவருக்குத் துணையாக எந்தச் சட்டமும் இல்லை. காங்கிரஸின் அனுமதியோடு செயல்படும்போதுதான் அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கும் என்று அதே வழக்கில் நீதிபதி ஜாக்சன் விளக்கினார். காங்கிரஸே தாராளமாகச் சட்டம் எழுதிக் கொடுத்துவிட்டால், நீதிபதிகள் பிடித்துக்கொள்ளப் பிடிமானம் குறைவு.

ஆபத்து நேரத்தில் விவாதித்துக்கொண்டிருக்க முடியாது என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், முதல் சில வாரங்களுக்கு. ஆனால் ஈரான் பணயக்கைதி நெருக்கடிக்காக 1979 நவம்பரில் அதிபர் கார்ட்டர் அறிவித்த அவசரநிலை, பணயக்கைதிகள் விடுதலையாகிப் பல பத்தாண்டுகள் கடந்தும் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. இதில் அவசரம் எங்கே? குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீ 2019-இல் கொண்டுவந்த மசோதா சரியான வழியைக் காட்டியது: 30 நாளுக்குள் காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் அவசரநிலை தானாகவே காலாவதியாகும். தன் கட்சிக்காரர் பதவியில் இருக்கும்போது எந்தக் கட்சியும் இதற்கு எளிதில் இணங்காது. ஆகவே அடுத்த அதிபர் பதவியேற்கும் நாளிலிருந்து அமலுக்கு வரும்படி, அவர் யாரென்று எவருக்கும் தெரியாத இப்போதே அதை எழுத வேண்டும்.